அம்மா கால் நீட்டிப் படுத்துப் போன விமானம்

போன செப்டம்பரில் என் தங்கைக்கு இரண்டாவது பிரசவம். நியூஜெர்சியில் இருக்கிறாள். அம்மாதான் போய்ப் பார்த்துக்கொண்டார். எங்கள் நங்கநல்லூர் தெருவில் இது புதிதல்ல. மகளுக்கோ மருமகளுக்கோ பிள்ளைப்பேறு பார்க்க அமெரிக்கா போய் வந்த அம்மாக்கள் எங்கள் வரிசையில் மட்டும் ஆறு பேர். எல்லோரும் எகானமியில் மடங்கி உட்கார்ந்து போனவர்கள். என் அம்மா பிசினஸ் கிளாஸில், படுக்கையாக விரியும் சீட்டில், கால் நீட்டித் தூங்கிக்கொண்டு போனார். அவருக்கு 71 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். டிக்கெட்டுக்காகக் கையிலிருந்து போனது வரியும் சில்லறைக் கட்டணங்களும்தான். மற்றது முழுக்க என் கிரெடிட் கார்டில் சேர்ந்திருந்த பாயிண்ட்.

எப்படி, எப்படி என்று கேட்கிறவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை. அதனால் இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன். இந்த முறை எப்படிச் செய்தேன் என்பதற்கு முன்னால், முதல் முறை எப்படிக் கெடுத்துக்கொண்டேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

2022. தங்கைக்கு முதல் குழந்தை. அப்பா, அம்மா இருவரையும் அனுப்ப வேண்டும். கார்டில் பாயிண்ட் நிறைய இருந்தது. அதை விமான நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றினால் மைல் ஆகும், அந்த மைலைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம். அந்தச் சமயம் பார்த்து வங்கியிலிருந்து ஒரு மெயில்: குறிப்பிட்ட ஒரு விமான நிறுவனத்தின் கணக்குக்கு இந்த மாதத்துக்குள் மாற்றினால் கூடுதல் மைல் கிடைக்கும். மாதம் முடிய நான்கு நாள்தான் இருந்தது. பதறிப்போய் இருந்ததையெல்லாம் மாற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் சீட் தேட உட்கார்ந்தேன். எங்களுக்கு வேண்டிய ஆறு வாரத்தில் பிசினஸ் கிளாஸில் மைலுக்குத் தருகிற சீட் ஒரு நாள்கூட இரண்டாகச் சேர்ந்து இல்லை. வெயிட்டிங் லிஸ்டில் போட்டேன், கடைசி வரை வரவில்லை. மாற்றிய பாயிண்டைத் திரும்ப வங்கிக்குக் கொண்டுவர வழி கிடையாது. அந்த மைல்களில் பாதிக்கு மேல் மூன்று வருடக் கெடு முடிந்து போயே போய்விட்டது.

இருவருக்கும் எகானமியில் காசு கொடுத்து டிக்கெட் எடுத்தோம். அப்பா ஆறடி உயரம். நெவார்க்கில் இறங்கும்போது ஷூவுக்குள் கால் நுழையவில்லையாம், அவ்வளவு வீக்கம். மூன்று நாள் படுத்தே கிடந்தார். திரும்பி வந்த அன்று என்னிடம், "இனிமே என்னால முடியாதும்மா, அவங்களே வரட்டும்" என்றார். அதற்கப்புறம் அப்பா விமானம் ஏறவில்லை. இரண்டாவது பேரனை இன்றுவரை போனில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த ஒரு பதற்றத்துக்கு நாங்கள் கொடுத்த விலை இது. என் மனசு இன்னும் ஆறவில்லை.

ஆகவே முதலும் கடைசியுமாக ஒன்று: சீட்டைக் கண்ணால் பார்க்காமல் பாயிண்டை மாற்றாதீர்கள். பாயிண்ட் வங்கியில் இருக்கும்வரை பத்துப் பதினைந்து நிறுவனங்களில் எதற்கு வேண்டுமானாலும் போகலாம். மாற்றிய நிமிடமே அது ஒரே ஒரு நிறுவனத்தின் சரக்கு. அவர்கள் விலையை ஏற்றினால் நமக்குக் கேள்வி கேட்க வாய் கிடையாது. வங்கிப் பக்கமும் எதுவும் நிரந்தரம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டில் 5 பாயிண்டுக்கு 4 மைல் என்றிருந்த கணக்கு 2023 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து 5க்கு 2 ஆனது. ஒரே நாளில் பாதி. அதனால் பத்து வருடம் சேர்த்து வைத்துப் பெரிதாகச் செய்கிறேன் என்று உட்காரவும் கூடாது. ஒரு பயணத்துக்குப் போதுமானது சேர்ந்ததும் தேட ஆரம்பித்துவிட வேண்டும்.

தேடுவது எப்படி? பலருக்குப் பிடிபடாத இடம் இதுதான். ஏறுகிற விமானமும் மைல் வைத்திருக்கிற நிறுவனமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேர் விமானம் கிடையாது. ஃபிராங்க்ஃபர்ட் வழியாக லுஃப்தான்சா, லண்டன் வழியாக பிரிட்டிஷ் ஏர்வேஸ், தோஹா வழியாக கத்தார், துபாய் வழியாக எமிரேட்ஸ், அபுதாபி வழியாக எதிஹாத், கிழக்கே சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் கேத்தே பசிபிக்கும். இவற்றில் பல ஏதாவது ஒரு கூட்டணியில் இருப்பவை, ஒன்றின் மைலுக்கு மற்றது சீட் தரும். லுஃப்தான்சா, யுனைடெட், ஏர் கனடா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 2014லிருந்து ஏர் இந்தியா எல்லாம் ஸ்டார் அலையன்ஸ். பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார், கேத்தே எல்லாம் ஒன்வேர்ல்ட். ஆக, ஏர் கனடா கணக்கில் மைல் வைத்துக்கொண்டு லுஃப்தான்சாவில் பறக்கலாம். பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார் இரண்டுக்கும் மைல் என்றால் ஏவியோஸ் என்ற ஒரே நாணயம்தான், ஒன்றிலிருந்து மற்றதுக்கு அப்படியே நகர்த்திக்கொள்ளலாம்.

ஒரே விமானத்தில் ஒரே சீட்டுக்கு ஒவ்வொரு நிறுவனத்தின் மைல் திட்டத்திலும் வேறு வேறு விலை. மைலில் மட்டுமா, கையிலிருந்து கட்டும் பணத்திலும்தான். சில திட்டங்கள் எரிபொருள் கூடுதல் கட்டணம் என்று பல்லாயிரம் ரூபாயை நம் தலையில் கட்டும். ஏர் கனடாவின் மைல் திட்டமான ஏரோபிளான், கூட்டாளி நிறுவனங்களின் விமானங்களுக்கு அதை வாங்குவதில்லை. வரியோடு 39 கனடா டாலர் கட்டணம், அவ்வளவுதான். இலவச டிக்கெட் என்று சொல்லிக் கடைசிப் பக்கத்தில் 60,000 ரூபாய் கேட்டால் அதில் என்ன லாபம்? மைலை மட்டும் பார்த்துவிட்டு ஆசைப்படாமல், பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பாருங்கள்.

சீட் எப்போது திறக்கும் என்பதற்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், பிரிட்டிஷ் ஏர்வேஸ் இரண்டிலும் பயணத்துக்கு 355 நாள் முன்னால் பதிவு தொடங்கும். அப்போது கொஞ்சம் கிடைக்கும். அப்புறம் கிளம்புவதற்கு ஓரிரு வாரம் இருக்கும்போது, விற்காது என்று தெரிந்த சீட்டைச் சில நிறுவனங்கள் மறுபடி விடும். நடுவில் பெரும்பாலும் வறட்சிதான். பிரசவத்துக்கு ஒரு நல்ல வசதி, தேதி ஆறேழு மாதம் முன்னாலேயே தெரியும், அதிலும் முன்னே பின்னே ஒரு வாரம் போகலாம். தங்கை விஷயம் சொன்ன வாரத்திலிருந்து தினமும் இரவு சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிடம் தேடினேன். ஐந்தாவது வாரம் ஃபிராங்க்ஃபர்ட் வழியாக ஒரே ஒரு சீட் வந்தது. ஒருவர்தானே போகிறார், போதும். அன்றைக்கே பாயிண்டை மாற்றினேன்.

இங்கே நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. இனிஷியல். கார்டில் என் பெயர் இனிஷியலோடு இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்து நிற்கிறது. விமான நிறுவனத்தின் கணக்கில் முன்பெயர் எது, பின்பெயர் எது என்று இரண்டு கட்டம். மூன்றும் மூன்று விதமாக இருந்தால் மாற்றம் நடுவழியில் நின்றுவிடும். எனக்கு 2022லேயே ஒரு தடவை அப்படி நின்று, அதைச் சரிசெய்ய ஒன்பது நாள் ஆனது. இந்த முறை தேட ஆரம்பிப்பதற்கு முன்பே கணக்கைத் திறந்து, பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி போட்டு, வங்கியில் பேசி, மிகக் குறைந்த அளவு பாயிண்ட்டை அனுப்பிப் போய்ச் சேருகிறதா என்று பார்த்துவிட்டேன். சீட் கிடைத்த பிறகு இந்த வேலையை ஆரம்பித்தால் சீட் நமக்காகக் காத்திருக்காது. அம்மா பெயரில் கணக்கு தேவையில்லை, என் மைலில் அம்மாவுக்கு டிக்கெட் போடலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மாதிரி சில இடங்களில் மட்டும் யார் யாருக்குப் போடலாம் என்று அதிகபட்சம் ஐந்து பேரை முதலிலேயே பதிந்து வைக்க வேண்டும்.

இன்னொன்று. கூட்டாளி நிறுவனத்தின் விமானத்தில் போடும்போது பிஎன்ஆர் இரண்டு இருக்கும். டிக்கெட் கொடுத்தவருடையது ஒன்று, விமானம் ஓட்டுபவருடையது ஒன்று. வீல்சேர், சைவச் சாப்பாடு, சீட் தேர்வு எல்லாமே இரண்டாவது பிஎன்ஆரில்தான் பதிய வேண்டும். இது தெரியாமல் இருந்தால் பத்து மணி நேரப் பயணத்தில் அம்மாவுக்கு ரொட்டியும் வெண்ணெயும்தான் கிடைத்திருக்கும். சைவம் என்று மட்டும் குறிக்காமல் ஏசியன் வெஜிடேரியன் என்று கேளுங்கள். சோறும் பருப்பும் மாதிரி ஏதாவது வரும்.

சரி, பணக் கணக்குக்கு வருகிறேன். அந்த சீட்டைக் காசு கொடுத்து வாங்கினால் அன்று இரண்டே முக்கால் லட்சம். அவ்வளவையும் மிச்சம் பிடித்தேன் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் அந்த விலை கொடுத்து நாங்கள் ஒருநாளும் வாங்கியிருக்க மாட்டோம். எகானமிக்கு 65,000 ரூபாய் கொடுத்திருப்போம், மிச்சம் என்றால் அதுதான் மிச்சம். அதே பாயிண்ட்டில் வங்கியின் பட்டியலிலிருந்து மிக்ஸியும் சூட்கேஸும் வாங்கியிருந்தால் ஒரு பாயிண்ட்டுக்குக் கால் ரூபாய்கூடத் தேறியிருக்காது.

ஒரு லட்சம் பாயிண்ட் சேர எவ்வளவு செலவு செய்ய வேண்டும் என்பதையும் மறைக்கக் கூடாது. எச்டிஎஃப்சி இன்ஃபினியா மாதிரி உயர்ரகக் கார்டில் 150 ரூபாய்க்கு 5 பாயிண்ட். லட்ச ரூபாய் செலவுக்கு 3,333. ஒரு லட்சம் பாயிண்ட்டுக்கு 30 லட்சம் ரூபாய். சாதாரணக் கார்டில் இன்னும் அதிகம். எங்களுக்கு இது மளிகை, பள்ளிக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, அப்பாவின் கண் அறுவை சிகிச்சை, வீட்டுக்கு வெள்ளையடித்தது என்று எப்படியும் ஆகிற செலவுகளில் வருடக்கணக்காகச் சேர்ந்தது. பாயிண்ட்டுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் செலவழிக்கவில்லை. அப்படிச் செலவழிப்பது எனக்குச் சம்மதமும் இல்லை.

பில்லை முழுசாகக் கட்ட முடியாதவர்கள் தயவுசெய்து இந்தப் பக்கமே வராதீர்கள். மாத வட்டி மூன்றரை சதவீதம் என்றே வையுங்கள். லட்ச ரூபாய் பாக்கிக்கு ஒரு மாதத்தில் 3,500 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 630, ஆக 4,130. அந்த லட்சத்தில் வந்த பாயிண்ட் 3,333. ஒரே மாதத்தில் எல்லாம் தலைகீழ். கார்டு கடனில் மூழ்கிய இரண்டு குடும்பங்களை எனக்கு நெருக்கமாகத் தெரியும். அவர்களிடம் போய் இந்தப் பதிவைக் காட்டாதீர்கள்.

இதையெல்லாம் மீறி ஏன் இவ்வளவு பிடிவாதமாக எழுதுகிறேன் என்றால், பிசினஸ் கிளாஸ் என்றதும் பேச்செல்லாம் ஷாம்பெயின், லவுஞ்ச், போட்டோ என்றே போகிறது. ஒரு நாள் நடுராத்திரி மீனம்பாக்கம் போய்ப் பாருங்கள். வெளிநாட்டு விமானம் கிளம்பும் வாசலில் வரிசையாக வீல்சேர்கள். பட்டுப்புடவையின் மேல் ஸ்வெட்டர், காலில் ஷூ, மடியில் பாஸ்போர்ட் வைத்த கைப்பை. அந்தப் படுக்கை சீட் யாருக்கு வேண்டும் என்று அங்கே பார்த்தால் தெரியும். நாற்பது வயதில் எனக்கு அது சொகுசு. அம்மாவுக்கு அது போய்ச் சேர்ந்த மறுநாளே எழுந்து பேரனைக் குளிப்பாட்ட முடிகிற உடம்பு. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007லேயே ஆய்வு வெளியிட்டது. நடப்பது மிகச் சிலருக்குத்தான். ஆனாலும் வயதானவர்களை அனுப்பும்போது அது மனதில் இருக்கும். படுக்கை சீட் இருந்தாலும் எழுந்து நடக்கத்தான் வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அம்மா இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நடந்தாராம். எகானமியில் பக்கத்தில் இருப்பவரை எழுப்ப வேண்டுமே என்று எழுந்திருக்கவே மாட்டார், அது எனக்குத் தெரியும்.

பெட்டிக் கணக்கும் கூடியது. எகானமியில் 23 கிலோவாக இரண்டு, பிசினஸில் 32 கிலோவாக இரண்டு. மைலில் எடுத்த டிக்கெட்டுக்கும் அதுதான். 18 கிலோ அதிகம் என்றதும் அம்மா பிரசவ லேகியம், பருப்புப் பொடி, வெள்ளைத் துணி, ஒரு சின்ன இரும்புக் கடாய் என்று அடுக்கிவிட்டார்.

நெவார்க்கில் இறங்கி அம்மா போன் செய்தபோது அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டார். வீங்கவே இல்லை என்று அம்மா சொன்னதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, அந்த சீட்டில் ஆறடி ஆள் படுக்க முடியுமா என்று என்னிடம் கேட்டார். முடியும், கிட்டத்தட்ட ஆறரை அடி வரும் என்றேன்.

இப்போது மறுபடியும் தேடிக்கொண்டிருக்கிறேன். பாயிண்ட் வங்கியிலேயே இருக்கிறது, மாற்றவில்லை. அப்பாவின் பாஸ்போர்ட் காலாவதி ஆகப்போகிறது, அதை முதலில் புதுப்பிக்க வேண்டும். வியாழக்கிழமை தாம்பரம் பாஸ்போர்ட் அலுவலகத்தில் நேரம் கிடைத்திருக்கிறது. போட்டோவுக்கு எந்தச் சட்டை போடுவது என்று நேற்றே எடுத்து மடித்து வைத்துவிட்டார்.