பரபரப்பு ஏற்பட்டது

இந்த இரண்டு சொல்லையும் நான் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கே இல்லை. நீலகிரி மாவட்டம் கூடலூரில் சில வருடம் தாலுகா நிருபராக ஓடிக்கொண்டிருந்தவன் நான். யானை ஊருக்குள் வந்தாலும் பரபரப்பு, தண்ணீர் கேட்டுப் பெண்கள் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்தாலும் பரபரப்பு. வேட்பாளர் பேசும்போது யாராவது குறுக்கே கேட்டுவிட்டால் யோசிக்கவே வேண்டாம், கை தானாக எழுதும்: "இதனால் அப்பகுதியில் சிறிது நேரம் பரபரப்பு ஏற்பட்டது."

அந்த வேலையை விட்ட பிறகு வந்த ஒரு தேர்தலில், கூடலூரை ஒட்டிய ஓவேலிப் பக்கம் ஒரு பிரசாரத்தை வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். எந்தத் தேர்தல், எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் கமெண்டில் அதை மட்டும்தான் பேசுவீர்கள். நாலு மணிக்கு வரவேண்டிய வேட்பாளர் ஆறரைக்கு வந்தார். மூடுபனி இறங்கிவிட்டது. ஜீப்பில் நின்றபடி, "உங்க வீட்டுப் பிள்ளையா..." என்று ஆரம்பித்தார். என் பக்கத்தில் கொழுந்து பறிக்கப் போகிற அக்கா ஒருவர், கையில் பிளாஸ்டிக் கவரோடு நின்றிருந்தார். திடீரென்று குரல் கொடுத்தார்.

"ஐயா, ஒரு நிமிசம் நிறுத்துங்க! எங்க வீட்டுக்குக் கரண்டு எப்ப வரும்? செக்‌ஷன் பதினேழு, செக்‌ஷன் பதினேழுன்னு சொல்லிச் சொல்லியே எம்பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சிட்டா."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு வந்தது கூச்சம். இந்த அக்கா சும்மா இருக்கக் கூடாதா என்றுதான் நினைத்தேன். வேட்பாளர் சிரித்துக்கொண்டே, "பேசிட்டு வர்றேன்மா" என்றார். கட்சிக்காரர் இரண்டு பேரும் ஒரு பெண் போலீஸும் அக்காவை டீக்கடைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள். ஸ்பீக்கரில் பாட்டு போட்டார்கள். ஜீப் கிளம்பிவிட்டது.

மறுநாள் பேப்பரில் நாலு வரி. தலைப்பு, "வேட்பாளர் பேச்சின்போது பெண் ரகளை". உள்ளே வாக்குவாதம், போலீசார் சமாதானம், கடைசியில் நம்ம பரபரப்பு. அக்கா என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "ரகளைன்னா குடிச்சிட்டுப் பண்றதுதான தம்பி?" என்றார். நான் ஏதோ சமாளித்தேன்.

யூடியூப்காரர்கள் வேறு மாதிரி. "வேட்பாளரை ஓடவிட்ட சிங்கப்பெண்!" கீழே பாதிப் பேர் கைதட்ட, மீதிப் பேர், "எவ்வளவு வாங்கினாங்க?" என்று கேட்டிருந்தார்கள். திட்டியவர்களை விட இந்தக் கைதட்டல்தான் என்னை உறுத்தியது. அக்கா யாரையும் ஓடவிடப் போகவில்லை. அந்த ஆள் நின்று பதில் சொல்ல வேண்டும் என்றுதானே கத்தினார்!

இது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். தாலுகா நிருபர் என்றால் செய்தி எழுதுவதும் அவன்தான், விளம்பரம் பிடிப்பதும் அவன்தான். தீபாவளி மலருக்கு விளம்பரம் கேட்டு அதே கட்சிக்காரர் வீட்டு வாசலில்தான் போய் நிற்க வேண்டும். கேள்வியை எழுதினால் ஒருத்தருக்கு வலிக்கும். "சலசலப்பு" என்று எழுதினால் யாருக்கும் வலிக்காது. நானும் அப்படித்தான் எழுதினேன், அதனால் இன்றைய பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

கேள்வியைப் போட இடமில்லை என்பதெல்லாம் சும்மா. அக்கா குடியிருக்கிற இந்தப் பக்கத்து நிலங்கள், கேரளத்து நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம (பரம்பரை உரிமை) நிலமாக இருந்தவை. 1969-ல் கூடலூர் ஜென்ம ஒழிப்புச் சட்டம் வந்தது. அக்கா சொன்ன அதன் 17-ஆம் பிரிவில் மாட்டிய பல நிலங்களுக்கு இன்னும் முடிவு வரவில்லை, பட்டா இல்லை, அதனால் பல வீடுகளுக்குக் கரண்டும் இல்லை. எண்ணிப் பாருங்கள், அந்த "ரகளை" செய்தி எடுத்துக்கொண்ட இடம்கூட இதற்குத் தேவையில்லை.

முறையாகக் கேட்டிருக்கலாமே என்பார்கள். அந்த பிளாஸ்டிக் கவரில் இருந்ததெல்லாம் மனு கொடுத்த ரசீதுகள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு இங்கிருந்து ஊட்டி போக ஐம்பது கிலோமீட்டர் மலையேற வேண்டும், அன்றைய கூலியும் போச்சு. முறையாகக் கேட்டு முடித்த பிறகுதான் அவர் கத்தினார்.

இங்கிலாந்தில் பெண்கள் ஓட்டுரிமை கேட்டு நாடாளுமன்றத்துக்கு 1866-லேயே மனு போனது. 1905 அக்டோபரில் மான்செஸ்டரில், லிபரல் கட்சிக் கூட்டத்தில், ஓட்டுரிமைப் போராளி கிறிஸ்டபெல் பாங்க்கர்ஸ்ட்டும் ஆலைத் தொழிலாளியான ஆனி கென்னியும், அந்தக் கட்சித் தலைவர்களில் ஒருவரான எட்வர்டு கிரே பேசும்போது, பெண்களுக்கு ஓட்டு தருவீர்களா என்று கேட்டார்கள். பதில் வரவில்லை. வெளியே இழுத்துப் போட்டார்கள். அபராதம் கட்ட மறுத்து இருவரும் ஜெயிலுக்குப் போனார்கள். அடுத்த வருடம் டெய்லி மெயில் பத்திரிகை, ஓட்டுரிமை என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் திரித்து, அந்தப் பெண்களுக்கு 'சஃப்ரஜெட்' என்று கேலியாகப் பெயர் வைத்தது. அவர்களோ அந்தப் பேரையே எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஆண்களுக்குச் சமமான ஓட்டு கிடைத்தது 1928-ல்.

நூறு வருடம் கழித்தும் பெரிதாக மாறவில்லை. 2015 ஆகஸ்டில் அமெரிக்காவின் சியாட்டிலில், அதிபர் தேர்தலுக்குப் பிரசாரம் செய்துகொண்டிருந்த பெர்னி சாண்டர்ஸ் பேசவேண்டிய மேடையில், 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' இயக்கத்தின் பேரில் இரண்டு கறுப்பினப் பெண்கள் மைக்கைப் பிடித்தார்கள். ஃபெர்குசன் என்ற ஊரில் போலீஸ் சுட்டுக் கொன்ற கறுப்பின இளைஞன் மைக்கேல் பிரௌனுக்காக நாலரை நிமிடம் மௌனம் கேட்டார்கள். சாண்டர்ஸ் பேசாமலே கிளம்பினார். பிறகு ஊடகங்களில் அலசப்பட்டது என்ன தெரியுமா? இவர்கள் யார், நிஜமாகவே அந்த இயக்கத்து ஆட்கள்தானா, இதில் ஒருவர் பள்ளிக்காலத்தில் எந்த அரசியல்வாதியை ஆதரித்தார் என்பதெல்லாம். ஏன் நாலரை நிமிடம் என்பது பின்னால் போய்விட்டது. அந்தப் பையனின் உடல் நாலு மணி நேரத்துக்கு மேல் ரோட்டில் கிடந்தது, அதற்காக.

மைக்கைப் பிடுங்கியது சரியா? எனக்கு அதில் தயக்கம் உண்டு. ஆள் வைத்துக் கூட்டத்தைக் கலைக்கிற கட்சிகளையும் நேரில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 127-ஆம் பிரிவு இருக்கிறது. கூட்டத்தை நடக்கவிடக் கூடாது என்ற நோக்கத்தோடு ஒழுங்கீனமாக நடந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நோக்கம் என்ன என்று சட்டமே பார்க்கிறது. நிருபர் பார்க்கக் கூடாதா? டீக்கடைக்குப் போய், "என்னக்கா கேட்டீங்க?" என்று ஒரு வார்த்தை. அன்றைக்கு அங்கே இருந்த ஒருத்தரும் கேட்கவில்லை. முன்னாள் நிருபன் நானும் அந்த இடத்தில் கேட்கவில்லை, மறுநாள் பேப்பரைப் பார்த்த பிறகுதான் ரசீதுகளையே எடுத்துப் பார்த்தேன்.

அன்று அங்கே செல்போனைத் தூக்கிப் பிடித்தவர்கள் இருபது பேராவது இருப்பார்கள். முழு வீடியோ யாரிடமாவது இருந்தால் எனக்கு அனுப்புங்கள், அக்கா கேட்கிறார். இதுவரை கிடைத்தவை எல்லாம் "ஒரு நிமிசம் நிறுத்துங்க" என்பதோடு வெட்டப்பட்டவை. கரண்டு என்ற சொல் ஒன்றிலும் இல்லை.