தண்ணீரை அவன் கூப்பிடவில்லை

இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நேற்று மண்டபத்தில் நடந்ததைக் கேள்விப்பட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. எந்த விஷயம் என்று நம் ஜொகூர் லாபிஸ்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளத்தின்போது எடுத்த அந்தப் பாலத்துக் காணொளி வராத வாட்ஸ்அப் புலனக் குழு நம் ஊரில் கிடையாது. அரை நிமிடம்கூட ஓடாது. ஆறு பாலத்தைத் தொடுகிற மாதிரி போகிறது, ஒரு கேஸ் தோங் (சிலிண்டர்) மிதந்து வருகிறது, பையன் "யப்பா, என்னா தண்ணி! அங்க பாருடா, பாருடா!" என்று கத்திச் சிரிக்கிறான். அவன் செய்த குற்றம் இவ்வளவுதான்.

இதற்காக 17 வயதுப் பையனை, வெள்ளத்தால் மண்டபத்தில் தங்கியிருந்த குடும்பங்களுக்கு முன்னால் நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறார்கள். அதையும் ஒருவர் காணொளி எடுத்துப் போட்டிருக்கிறார். சின்னவன் எடுத்தால் திமிர், பெரியவர் எடுத்தால் பாடம் போலிருக்கிறது.

அவன் வீட்டுக்குள்ளும் முட்டி வரை தண்ணீர் என்பதை யாரும் கேட்கவில்லை. தண்ணீரை அவன் கூப்பிடவில்லை ஐயா. வந்த தண்ணீரைப் பார்த்தான். பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது, சத்தம் வெளியே வந்துவிட்டது.

"மனிதாபிமானம் இல்லாத தலைமுறை" என்று ஒருவர் எழுதியிருந்தார். 83 பேர் கைகூப்பியிருந்தார்கள். அந்த 83 பேரில் பாதிப் பேரை எனக்குத் தெரியும். 2025 ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பக்கத்துச் சிகாமாட்டில் 4.1 அளவில் நிலம் நடுங்கியதே, அன்று இவர்கள் என்ன செய்தார்கள்? எனக்கு ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்ததுதான் தெரியும். எழுந்து உட்கார்வதற்குள் புலனத்தில் திருவிழா. "உங்க வீடு ஆடுச்சா? எங்க வீடு ஆடுச்சு!" ஆடாத வீட்டுக்காரர்களுக்கு ஒரே ஏக்கம். ஒருவர் கூரை மின்விசிறி ஆடியதைப் பதிவு செய்து, பின்னணிப் பாட்டு வேறு போட்டிருந்தார். அன்றைக்கு யார் யாரிடம் மன்னிப்புக் கேட்டார்கள்?

சரி, எல்லாருக்கும் வருவதுதான் இது. பயத்துக்கும் குதூகலத்துக்கும் நெஞ்சு ஒரே மாதிரிதான் அடிக்கிறது. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுமா என்ன? விடியற்காலை மழை பிடித்தால் பால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைய வேலைக் கணக்கில் பேர் இல்லை, பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. அப்பா லயத்து வீட்டு வாசலில் குந்திக்கொண்டு வானத்தைத் திட்டிக்கொண்டிருப்பார். நாங்கள் பிள்ளைகள் உள்ளே, இன்னும் கொட்டு கொட்டு என்று போர்வைக்குள் கிடப்போம். ஏனென்றால் அன்றைக்குத்தான் அப்பா வீட்டில் இருப்பார். அம்மா மரவள்ளிக் கிழங்கு அவித்து நெத்திலிச் சம்பலோடு வைப்பார். அப்பாவும் இரண்டாவது கிழங்குக்கு மேல் வானத்தைத் திட்ட மாட்டார். இது மனிதாபிமானமா இல்லையா, 83 பேரும் கூடிப் பேசி முடிவு சொல்லட்டும்.

எனக்கு இந்தக் கிறுக்கு சின்ன வயதிலேயே உண்டு. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் புயல் உருவாகாது, பூமியின் சுழற்சி அங்கே காற்றைத் திருப்பாது என்று படித்திருந்தேன். 2001 டிசம்பரில் வாமெய் புயல் வெறும் 1.4 பாகையில் உருவாகி, 27ஆம் தேதி நம் ஜொகூரின் தென்கிழக்கிலேயே வந்து ஏறியது. நான் அந்தச் செய்தியை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்தேன். கெட்டவள் என்பதற்கு ஆதாரம் வேண்டுமானால் அந்த நோட்டு இன்னும் இருக்கிறது.

இனி 2006 வெள்ளம். எஸ்.பி.எம். பரீட்சை எழுதி முடித்திருந்த டிசம்பர். எனக்கும் அப்போது 17 தான். ராத்திரி தோட்டத்து லோரி வந்து எங்களை ஏற்றியது. அம்மா கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் அடையாள அட்டைகளும் பிறப்புப் பத்திரங்களும். அப்பா எதை எடுத்துக்கொண்டு வந்தார் தெரியுமா? ஒரு கக்கத்தில் முருகன் படம், இன்னொரு கக்கத்தில் சண்டைச் சேவல். லோரி குலுங்கும்போதெல்லாம் சேவல் முருகனைக் கொத்தியது. அம்மா சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், லோரி முழுக்கத் தொற்றிக்கொண்டது. அன்று ராத்திரி அந்த லோரியில் இருந்த ஒருவருக்கும் மறுநாள் வீடு என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. யாரிடம் போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும் என் அம்மா?

"உயிர் போகிற விஷயத்தில் என்ன சிரிப்பு" என்கிறார்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் 50 பேருக்கு மேல் இறந்தார்கள், எனக்கும் தெரியும். ஷா ஆலம் ஸ்ரீ மூடா தாமான் குடியிருப்பில் என் சின்னம்மா மகள் மாடியில் இரண்டு ராத்திரி கிடந்தாள். செத்தவர்களைப் பார்த்து அவன் சிரித்தானா?

"பாலத்தில் நின்றது ஆபத்து" என்கிறார்கள். இது நியாயம். 2004 சுனாமியில் நம் மலேசியாவிலேயே 68 பேர் போனார்கள். தண்ணீரை வேடிக்கை பார்க்கக் கூடாது, மேடேற வேண்டும். இதற்குத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

ஆனால் "உங்கள் கடை மேட்டில் இருக்கிறது, அதனால் பேசுகிறீர்கள்" என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ஆமாம், மேட்டில்தான் இருக்கிறது. ஏன் மேட்டில் இருக்கிறது? அம்மாவின் தையல் மெஷினை அப்பா மேசைமேல் மேசை போட்டு ஏற்றி வைத்துவிட்டு வந்தார். தண்ணீர் அதையும் தாண்டிப் போயிருந்தது. திரும்பிப் போனபோது மெஷின் சேற்றில் கவிழ்ந்து கிடந்தது. அம்மா முதலில் சுவரைக் கழுவவில்லை, பாத்திரத்தைக் கழுவவில்லை. பல் துலக்கும் பிரஷை எடுத்து வைத்துக்கொண்டு அந்த மெஷினைத் தேய்த்தார், மூன்று நாள். அது ஓடவே இல்லை. அந்த வெள்ளத்தில் ஜொகூரில் 100,000 பேருக்கு மேல் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். டிசம்பரில் வந்து போன தண்ணீர் ஜனவரியில் மறுபடியும் வந்தது. கழுவின வீட்டையே திரும்பக் கழுவிய கதையைக் கோத்தா திங்கிக்காரர்கள் சொல்வார்கள். எனக்கு மேட்டைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம் அக்கா.

ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன், நிவாரண மையமாக இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் கிடந்த நாட்களைப் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை. தோட்டத்தில் ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் வித்தியாசம் ஏது? பெரட்டு என்கிற ஆள் கணக்கு, வெட்டு, பால் நிறுவை, தூக்கம். அங்கே ஒரு வகுப்பறையில் ஐந்து குடும்பம். விடிய விடியப் பேச்சு, சார்டின், மேகி, கரும்பலகையில் ஆடுபுலி ஆட்டம். நம் ஊர்ப் பெயர் தொலைக்காட்சிச் செய்தியில் வந்தது. மெத்தை கொடுக்கப் பெரிய மனிதர்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், பெயரைக் கேட்டார்கள். அதற்கு முன்னால் யாரும் வந்து எங்கள் பெயரைக் கேட்டதில்லை. அப்புறமும் கேட்கவில்லை, 2011 வரைக்கும். பிறகு 2023 மார்ச். எங்களைப் பார்க்க ஆள் வர வேண்டுமென்றால் ஆறு வர வேண்டும்.

இன்னொன்று. லோரி வருவதற்கு முன்னால் சாயங்காலம் நான் லயத்துப் படியில் உட்கார்ந்து தண்ணீரை எண்ணிக்கொண்டிருந்தேன். மொத்தம் நான்கு படி. இரண்டு முங்கிவிட்டது. மூன்றாவதும் முங்கட்டும், முங்கட்டும் என்று மனசுக்குள் சொன்னேன். முங்கியது. நான்காவதையும் கேட்டேன். அம்மா பிரஷோடு உட்கார்ந்திருந்த அந்த மூன்று நாளும் எனக்கு அதுதான் ஞாபகம். அம்மா போய் ஆறு வருடமாகிறது, அவரிடம்கூட இதைச் சொன்னதில்லை. அந்தப் பையன் தண்ணீரைக் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன். மண்டபத்தில் யாரையாவது நிறுத்த வேண்டுமென்றால் என்னை நிறுத்துங்கள், கடை எட்டு மணிக்கு அடைப்பேன், அதற்குப் பிறகு வருகிறேன்.

பின்னூட்டத்தைத் திறந்தே வைத்திருக்கிறேன். பையனைக் கை கட்டச் சொன்ன அண்ணன் மட்டும் யோசித்து எழுதவும். 2006இல் எடுத்த புகைப்படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் ஒரு கதவைப் படகாக்கி, அதன்மேல் உட்கார்ந்து, வாயெல்லாம் பல்லாக ஒருவர் கையசைக்கிறார். அப்போது அண்ணனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. அந்தக் கதவு எங்கள் வீட்டுக் கதவு.