மனித இனம் பிறந்தது மொராக்கோவிலா?

“3 லட்சம் ஆண்டுப் பழைய எலும்புகள் கிடைத்துவிட்டதால் மனித இனம் பிறந்தது மொராக்கோவில்தான்” என்று பகிரப்படும் செய்தியில் வயது சரி, முடிவு தவறு. மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத் சுரங்கத்தில் 1961-இல் தொழிலாளர்கள் கண்ட மண்டையோடு, நெடுங்காலம் சுமார் 40,000 ஆண்டுப் பழைய நியாண்டர்தால் என்னும் அழிந்துபோன மனித வகையுடையதாகவே கருதப்பட்டது. பின்னர் அதே இடத்தில் கிடைத்த, நெருப்பில் சூடேறிய கல்லாயுதங்களைக் கொண்டு கணித்து 2017-இல் வெளியிட்டதே இப்போதைய வயது. முகம் ஏறக்குறைய நம்முடையதுதான். மூளைப்பேழையோ நம்முடையதைப்போல் உருண்டையாக இல்லாமல் பின்னோக்கி நீண்டிருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் ஃப்ளோரிஸ்பாட் மண்டையோடும் சுமார் 2,60,000 ஆண்டுப் பழையது என்பதால், ழான்-ஜாக் ஊப்லான் தலைமையிலான அந்த ஆய்வுக்குழுவே (செய்தியைப் பரப்புவோர் விட்டுவிடுவது இதைத்தான்) மொராக்கோவைத் தொட்டிலாகக் கூறாமல், ஆப்பிரிக்கா முழுவதையும் தழுவிய தோற்றத்தையே முன்வைத்தது.