கத்தாமல் செய்தி சொல்ல ஆளே இல்லையா?

பேத்திக்கு இரண்டரை வயது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று ஒரு மாதமாகச் சொல்லித் தருகிறோம். இப்போது என் முட்டியைத் தொட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். நான் திரும்பியதும்தான் "தாத்தா, தண்ணி தாங்க" என்கிறாள். அந்த 'ங்க' வருவதற்குள் எத்தனை பாடு!

நேற்று இரவு செய்தி போட்டேன். திரையில் ஆறு கட்டம், ஆறு பேர், ஒரே நேரத்தில் கத்தல். அடக்க வேண்டிய நெறியாளர் எல்லோரையும்விட உரக்கக் கத்துகிறார். காலையில் வந்த செய்திக்கு இரவிலும் சிவப்புப் பட்டையில் 'சற்றுமுன்'. விபத்தில் மகனைப் பறிகொடுத்த தாயின் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டுகிறார்கள். அவர் அழுவதை நாலு தரம் திருப்பிப் போடுகிறார்கள், பின்னணியில் டமடமவென்று இசை வேறு! வயிறு எரிகிறது. அந்த அம்மாவை நிம்மதியாக அழக்கூட விட மாட்டீர்களா?

1980-ல் அமெரிக்காவில் சி.என்.என். செய்தித் தொலைக்காட்சி தொடங்கியதிலிருந்து 24 மணி நேரமும் செய்தி என்றாகிவிட்டது. நேரத்தை நிரப்பியாக வேண்டும், புரிகிறது. அதற்குக் கூச்சல்தான் கிடைத்ததா? இரண்டிலிருந்து நாலு வயதுவரை திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. இந்தக் கத்தலில் ஒரு நிமிஷம்கூட அவள் காதில் விழ வேண்டாம் என்கிறேன் நான்.

இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "சண்டை வேணாம் தாத்தா" என்றாள். டிவியை அணைத்துவிட்டேன்.