முகம் தெரிகிறதா?

கதிரேசன்: தம்பி, கை வைக்காதே! நேற்றுதான் மூன்றாவது கோட் பெயிண்ட் அடித்தேன்.

ஜோசப்: புல்வெட்டி ஓடவில்லை என்றுதானே அண்ணா கூப்பிட்டீர்கள்? கை வைக்காமல் எப்படிப் பார்ப்பது?

கதிரேசன்: கண்ணால் பார். முகம் தெரிகிறதா?

ஜோசப்: தெரிகிறது. எஞ்சின்தான் தெரியவில்லை. பெட்ரோல் இருக்கிறதா?

கதிரேசன்: டேங்க் நிறைய. போன வருடம் ஊற்றியது. பழைய எஞ்சினுக்குப் பழைய பெட்ரோல்தானே ஒத்துப்போகும்?

ஜோசப்: ஒரு வருடம் கிடந்தால் அது பெட்ரோல் இல்லை, கார்புரேட்டருக்குள் பிசின். சரி, டேங்க் மூடியில் சின்னத் துளை ஒன்று இருக்குமே, எங்கே?

கதிரேசன்: அசிங்கமாக இருந்தது. பட்டி வைத்து அடைத்துவிட்டேன்.

ஜோசப்: பெட்ரோல் குறையக் குறைய அந்தத் துளை வழியாகத்தான் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது, கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும்.

கதிரேசன்: இதுதான் ஓடவே இல்லையே, எங்கே நிற்பது?

ஜோசப்: (பிளக்கைக் கழற்றியபடி) கயிற்றை இழுங்கள், பொறி வருகிறதா பார்க்கலாம். பிளக்கை வெறும் உலோகத்தில் ஒட்டி வைக்க வேண்டும். எங்கே இருக்கிறது வெறும் உலோகம்?

கதிரேசன்: (பெருமையாக) தேடிப் பார். ஓர் இடத்திலும் கிடைக்காது.

ஜோசப்: பொறிக்கு மின்சாரம் தரும் காயில், அது உட்காரும் இடத்திலுமா அடித்தீர்கள்?

கதிரேசன்: அங்கே நான்கு கோட். உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஏமாற்றுகிற ஆள் நான் இல்லை.

ஜோசப்: கொஞ்சம் ஏமாற்றியிருக்கலாம். அந்த இடத்தில் உலோகத்தோடு உலோகம் ஒட்டினால்தான் காயிலுக்கு எர்த் கிடைக்கும். காயிலின் காலுக்கும், சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்தில் இருக்கும் காந்தத்துக்கும் நடுவில் கால் மில்லிமீட்டர்தான் இடைவெளி. விசிட்டிங் கார்டைச் செருகி அளவு வைப்பார்கள். இங்கே பெயிண்டே இரண்டு கார்டு கனம் இருக்கிறது.

கதிரேசன்: நல்ல கனம், இல்லையா?

ஜோசப்: காயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்துப் பொறி வரவைக்கும் பாயிண்ட்டைத் திறந்து பார்க்கலாம். எந்த மாடல் இது?

கதிரேசன்: பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன்.

ஜோசப்: அது கம்பெனி பெயர். ஃப்ளைவீலை மூடும் தகட்டில் மாடல் எண்ணும், எந்த வருடம், எந்த மாதம் செய்தது என்று சொல்லும் குறியீட்டு எண்ணும் குத்தியிருப்பார்களே?

கதிரேசன்: ஓ, அந்தப் பள்ளமா? பட்டி பூசி, உப்புத்தாள் போட்டு...

ஜோசப்: மூன்று கோட்.

கதிரேசன்: கற்பூரப் புத்தி தம்பி உனக்கு!

ஜோசப்: 1830-இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் புல்வெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார், புல் வெட்டுவதற்காக. முகம் பார்க்க அதற்கு முன்பே கண்ணாடி இருந்தது.

கதிரேசன்: இதைப் பார்க்கிற எல்லோரும் ‘புதிது போல இருக்கிறது’ என்கிறார்கள். நீ ஒருவன்தான் குறை சொல்கிறாய்.

ஜோசப்: அவர்கள் சொல்வதும் சரிதான். இப்போது வருகிற சில மிஷின்களைக் கெட்டால் திறக்க முடியாமல் சீல் வைத்திருக்கிறார்கள், முழுதாகத் தூக்கி எறிய வேண்டும். இதை ஒரு ஸ்பேனரும் ஒரு துண்டு உப்புத்தாளும் வைத்திருக்கிற எவனும் சரி செய்துகொள்ளட்டும் என்று திறந்து விட்டிருந்தார்கள். நீங்கள் கைக்காசு போட்டு இதற்கும் சீல் வைத்துவிட்டீர்கள். அசல் புதிது!

கதிரேசன்: பாராட்டுகிறாயா, திட்டுகிறாயா?

ஜோசப்: காயில் காலைச் சுரண்டப் போகிறேன்.

கதிரேசன்: சுரண்டுவதா? வெளியே தெரியுமா?

ஜோசப்: தெரியாது. சத்தம்தான் கேட்கும், எஞ்சின் ஓடுகிற சத்தம். அதுவரை என்னிடம் இரவல் வாங்கினீர்களே, அந்த மிஷினில் வெட்டுங்கள். பார்க்கத் துருப்பிடித்திருக்கும், ஒரே இழுப்பில் கிளம்பிவிடும்.

கதிரேசன்: அதையேன் கேட்கிறாய், அந்தத் துருவைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை.

ஜோசப்: அண்ணா...

கதிரேசன்: காசெல்லாம் வேண்டாம் தம்பி. முதல் கோட் காய்ந்துகொண்டிருக்கிறது.