சர்ச் பார்க்கும் ஒரு லாந்தர் விளக்கும்

சர்ச் பார்க் கான்வென்ட்னு சொன்னாலே நம்மூர்ல முதல்ல வர்ற பேச்சு ஜெயலலிதா படிச்ச ஸ்கூல்ங்கறதுதான். அண்ணா சாலைல பஸ் அதைத் தாண்டும்போதெல்லாம் எங்கம்மாவும் அதையேதான் சொல்லுவாங்க. ஸ்கூல் ஆரம்பிச்சது 1909ல, ஆனா அத ஆரம்பிச்ச கன்னியாஸ்திரி சபையான ப்ரசன்டேஷன் சிஸ்டர்ஸ் அயர்லாந்துலேர்ந்து மெட்ராஸுக்கு வந்தது 1842லயே. அந்த சபைய ஆரம்பிச்ச நானோ நேகிள் கதைய படிச்சதுலேர்ந்து, கான்வென்ட்னா பணக்கார வீட்டுப் பிள்ளைங்க இங்கிலீஷ் பேசற இடம்னு நாம நினைச்சிட்டிருக்கறது எனக்கு ஆறவே மாட்டேங்குது.

அயர்லாந்துல அப்போ கத்தோலிக்கர் யாரும் ஸ்கூல் நடத்தவே கூடாதுன்னு சட்டம். நானோ வசதியான வீட்டுப் பொண்ணு, அதனால ஃபிரான்ஸ் போய் படிக்க முடிஞ்சது. திரும்பி வந்து 1750கள்ல கார்க் நகரத்துல ஏழைப் பிள்ளைங்களுக்கு ரகசியமா ஸ்கூல் ஆரம்பிச்சாங்க, 30 பிள்ளைங்க, ஒம்பதே மாசத்துல 200 ஆயிடுச்சு. ராத்திரில லாந்தரோட சந்து சந்தா போய் நோயாளிங்களையும் பாப்பாங்களாம். வீட்டுக்கே தெரியாது! ஒருநாள் ஒரு ஏழை மனுஷன் நானோவோட தம்பிகிட்ட வந்து "என் பிள்ளைய உங்க அக்கா ஸ்கூல்ல சேத்துக்க சொல்லுங்கய்யா"ன்னு கேட்க, பைத்தியம் போலன்னு அவர் சிரிச்சிட்டாராம், நானோ உண்மைய ஒத்துக்கிட்டதும் அவருக்கு வந்துச்சே கோவம்.

இப்போ நம்ம ஊருக்கு வாங்க. 2014 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சிறுபான்மை ஸ்கூல்களுக்கு ஆர்டிஇ, அதாவது கல்வி உரிமைச் சட்டம், ஏழைப் பிள்ளைங்களுக்குன்னு ஒதுக்கற 25 சதவீத இடம் கட்டாயமில்லன்னு சொல்லிடுச்சு. உரிமை அவங்களுக்கு வேணும்தான், நான் மறுக்கல. தன் கைக்காசுல ஃபீஸ் கட்டி பிள்ளைங்கள படிக்க வச்ச சிஸ்டர்ஸையும் நான் பாத்திருக்கேன். ஆனா சட்டம் கேக்கலன்னா மனசும் கேக்கக்கூடாதா?

எங்க வீட்ல வேலை பாக்கற அக்கா, பொண்ணுக்கு ஆறாங்கிளாஸ் சீட் கேட்டு வேற ஒரு கான்வென்ட்டுக்கு போனாங்க, நானும் கூட போனேன். மஞ்சப்பைல மார்க் ஷீட், ஆதார், கம்யூனிட்டி சர்டிஃபிகேட் எல்லாம் பத்திரமா இருந்துச்சு. "அப்ளிகேஷன் முடிஞ்சுதும்மா"ன்னு வாட்ச்மேன் கேட்லயே சொல்லிட்டார், பின்னாடியே வந்த கார் உள்ள போச்சு. அந்தப் பொண்ணு, எண்ணெய் வச்சு ரெட்டை ஜடை, கேட் கம்பிய பிடிச்சுக்கிட்டு உள்ள பிள்ளைங்க த்ரோபால் ஆடறதையே பாத்துட்டு நின்னுச்சு.

சிஸ்டர்ஸ் யாராச்சும் இத படிச்சா, அப்ளிகேஷன் கொடுக்கற அன்னிக்கு ஒரே ஒருதரம் கேட்டுக்கு வெளிய வந்து பாருங்க, ப்ளீஸ்.