கருவாடு இல்லாமல் என்ன சம்போராதோ?

பிலிப்பைன்ஸில் எங்கே குளிர் என்று கேட்பவர்கள் ஜனவரியில் பாகியோவுக்கு வர வேண்டும். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலை நகரம். 1961 ஜனவரியில் இங்கே வெப்பம் 6.3 டிகிரிக்கு இறங்கியிருக்கிறது. ஸ்வெட்டருக்குள் கையை ஒளித்துக்கொண்டு எழுந்திருக்கும் இப்படிப்பட்ட காலைகளுக்கென்றே ஒரு பலகாரம் உண்டு: சம்போராதோ. பசையரிசியைக் கொக்கோவோடு குழைய வேகவைத்த கஞ்சி. மேலே கொஞ்சம் பால். பக்கத்திலே பொரித்த கருவாடு.

"இனிப்புக் கஞ்சிக்குக் கருவாடா?" ஊரிலிருந்து போனில் பேசுகிற எல்லோரும் இதையே கேட்கிறார்கள். பழைய சோற்றுக்குக் கருவாட்டைக் கடித்து வளர்ந்தவர்கள் கேட்கிற கேள்வியா இது? என் கட்சி இதுதான்: அந்தக் கருவாடு தொட்டுக்கொள்ள வைத்ததல்ல, பாதிச் சாப்பாடே அதுதான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சாக்லேட் பாயசம். நாலு கரண்டியில் திகட்டிவிடும்.

சும்மா சொல்லவில்லை. சம்போராதோவுக்கு முறையாகப் போடுவது தப்லெயா. கொக்கோ விதையை வறுத்து, அரைத்து, வட்ட வில்லைகளாக்கி வைத்திருப்பார்கள். கடையில் டப்பாவில் வரும் கொக்கோ பொடியில் கொழுப்பைப் பெரும்பாலும் பிழிந்து எடுத்துவிடுகிறார்கள். தப்லெயாவில் அது அப்படியே இருக்கும். அதனால்தான் கஞ்சியின் மேல் லேசாக எண்ணெய் மினுங்கும், வாசனையும் தூக்கும். கூடவே நல்ல கசப்பும் உண்டு. உப்பு அந்தக் கசப்பை நாக்கில் அடக்கிவிடும். ஒரு வாய் கருவாடு, ஒரு வாய் கஞ்சி என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டால் ஒவ்வொரு கரண்டியும் முதல் கரண்டி மாதிரியே இருக்கும். ஒரு கிண்ணம் தீர்ந்ததே தெரியாது.

இதன் தாய்வீடு மெக்சிகோ. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. கொக்கோ இங்கே வந்ததும் ஸ்பானியர் காலத்தில்தான். மெக்சிகோக்காரர்களின் சம்புர்ராதோ மக்காச்சோள மாவு கரைத்துக் காய்ச்சும் பானம். இங்கே சோளம் போய் அரிசி வந்தது, பானம் கஞ்சியானது. கருவாட்டைச் சேர்த்தது மட்டும் சாட்சாத் இந்தத் தீவுக்காரர்களின் வேலை. துயோ என்பார்கள்; நம் மத்தி இனத்து மீன்தான், உப்பிட்டுக் காயவைத்தது. நெத்திலிக் கருவாடும் வைப்பதுண்டு, பெயர் திலிஸ். துயோ எண்ணெயில் விழுந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். ஏழைகளின் மீன் என்று அதற்கு ஒரு பெயர் இருப்பதால்தானோ என்னவோ, சில நாகரிக உணவகங்கள் சம்போராதோவை இனிப்பு வரிசையில் சேர்த்து, கருவாட்டைக் கழற்றிவிட்டு, மேலே ஐஸ்கிரீம் வைக்கின்றன. எனக்கு இதில் கொஞ்சமும் சம்மதமில்லை. முள் நீக்கி ஆலிவ் எண்ணெயில் ஊறப்போட்டு பாட்டிலில் விற்கும் துயோவும் அப்படித்தான். சோற்றுக்கு நன்றாகவே இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கஞ்சிக்கு மொறுமொறுப்பு வேண்டாமா?

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: ஒரு கப் பசையரிசிக்கு ஐந்தாறு கப் தண்ணீர். அடிப்பிடிக்கும், கிண்டிக்கொண்டே இருங்கள். அரிசி நன்றாக வெந்த பிறகுதான் சர்க்கரை. முன்னாலேயே போட்டால் அரிசி வேகத் தாமதமாகும். இனிப்புக் கட்டிப்பால் வேண்டாம், சர்க்கரை சேர்க்காத டின் பாலை ஊற்றுங்கள். தப்லெயா கிடைக்காவிட்டால் இனிப்பில்லாத கறுப்பு சாக்லேட் போதும். கருவாட்டுக்குப் பிரச்சினையே இல்லை, நம் சந்தையில் கிடைப்பதே தாராளம். பொரிக்கும்போது மட்டும் ஜன்னலைத் திறந்து வையுங்கள், எவ்வளவு குளிராக இருந்தாலும் சரி.